அடி என்னும் சொல்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் வேலை. வேலை என்று எழுதலாமா என்று தெரியவில்லை. சம்பளம் கிடையாது, நானும் கேட்கவில்லை. எழுபத்து மூன்று வயதுக்காரனுக்கு ஒரு மேசையும் ஜன்னலும் கொடுத்திருக்கிறார்கள், அதுவே அதிகம்.

‘நலவாசல்’ இணையதளத்துக்கு ஆறு ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்துவந்தேன். நோய்களைப் பற்றித் தமிழில் சொல்லும் தளம். திண்டுக்கல்லில் ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. கல்லூரியில் விலங்கியலைத் தமிழில் நடத்தியவன் என்பதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். தளத்தைக் கவனித்துக்கொள்ளும் பர்வீன் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார்.

“சார், ஜனங்க வந்து தேடுறாங்க, ஒண்ணும் கிடைக்காம போயிர்றாங்க. என்னத்தத் தேடுறாங்கன்னு லிஸ்ட் எடுத்துத் தாரேன். உக்காந்து பாத்துச் சொல்றீங்களா? அதுக்கு உங்களுக்குத்தான் பொறுமை இருக்கு.”

நான் மெதுவான ஆள் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று மாதங்களில் 4,112 தேடல்கள். ஒவ்வொரு வரியிலும் தேடிய சொற்கள், எத்தனை முறை, எத்தனை கட்டுரைகள் கிடைத்தன என்ற விவரம். பெயர், ஊர், தொலைபேசி எண் எதுவும் இல்லை. அது எனக்கு நிம்மதி. அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறோம் என்ற கூச்சம் பாதியாகக் குறைந்தது.

வீட்டில் தண்ணீர் கேனை நான் மாற்றினேன். முன்பெல்லாம் என் மனைவி பூரணமே தூக்கி வைத்துவிடுவாள்.

ஜூன் 5, புதன்

அட்டைகள் வெட்டிக்கொண்டேன். ஒரு தேடலுக்கு ஓர் அட்டை. பச்சை: கட்டுரை இருக்கிறது, கிடைத்தது. சிவப்பு: கட்டுரையே இல்லை. ஊதா: கட்டுரை இருக்கிறது, கிடைக்கவில்லை. பர்வீன் பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டர்லயே கலர் போடலாம் சார்” என்றார். எனக்குக் கையில் எடுத்தால்தான் புரிகிறது.

மாலைக்குள் ஊதா அட்டைகள் மேசையை மறைத்துவிட்டன. மக்கள் ‘பேதி’ என்று தேடுகிறார்கள். நம்மிடம் ‘வயிற்றுப்போக்கு’ இருக்கிறது. ‘சக்கரை’ என்று தேடுகிறார்கள். நம்மிடம் ‘நீரிழிவு’. பலர் எழுதுவதே இல்லை, மைக்கை அழுத்திப் பேசிவிடுகிறார்கள். வாய் சொன்னது அப்படியே வந்து நிற்கிறது. நம் கட்டுரைகளுக்கு அந்த வாய் அறிமுகமில்லை.

தளத்தின் நடை விதிகளில் நான்காவது: ‘பேச்சு வழக்குச் சொற்கள் தலைப்பிலும் கட்டுரையிலும் இடம்பெறா.’ அதை எழுதியவன் நான். அப்போது அது மரியாதை என்று நினைத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். “நின்னா அடி எறங்குற மாதிரி இருக்குங்க” என்றாள். நான் செய்தித்தாளில் இருந்தேன். பிறகு மருந்துச் சீட்டுகள் வைக்கும் நோட்டில் ‘பூரணம்: கால் வலி’ என்று குறித்துவைத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

இன்று ஒரு புதிய கூட்டம் கிடைத்தது. ‘அடி இறங்குது’, ‘அடி எறங்கிருச்சு என்ன செய்ய’, ‘அடி தள்ளுது’, ‘அடி எறக்கம் சரியாக’. எழுத்து மாறுகிறது, பொருள் ஒன்றுதான். எல்லாம் சேர்த்து அறுபத்தொரு முறை. அவர்களுக்கெல்லாம் நம் தளம் ‘அடிபட்டால் முதலுதவி’ கட்டுரையைக் காட்டியிருக்கிறது. ‘காயத்தைச் சுத்தமான நீரால் கழுவவும்.’

நல்லவேளையாக, ஞாயிற்றுக்கிழமை பூரணம் சொன்னது நினைவுக்கு வந்தது. அடி என்றால் பாதம். திருவடி, அடிச்சுவடு, அடியொற்றி எல்லாம் அதிலிருந்து வருபவைதானே. பாதத்தின் நடுவளைவு தாழ்ந்துபோவதைத்தான் மக்கள் அடி இறங்குதல் என்கிறார்கள். தட்டைப் பாதம்! எவ்வளவு பொருத்தமான சொல். நான்காவது விதியைப் பற்றி வெட்கமாக இருந்தது. வீட்டிலேயே சான்று கிடைத்ததில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஒரே ஓர் அட்டை மட்டும் பொருந்தவில்லை. ‘அடி வெளிய வருது’. ‘புரியாதவை’ பெட்டியில் போட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: பாதம் செருப்பை விட்டு வெளியே வருகிறதோ?

ஜூன் 14, வெள்ளி

தட்டைப் பாதம் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை முடித்தேன். ஊருக்குச் சொல்வதை வீட்டிலும் செய்து பார்ப்பது முறை என்பதால் சோதித்துப் பார்த்தேன். காலை நனைத்துத் தரையில் நிற்க வைத்தால் தடம் காட்டிக்கொடுத்துவிடும்.

“எதுக்குங்க இது?”

“தட்டைப் பாதமான்னு பாக்கணும்.”

“யாருக்கு, எனக்கா?”

“நீதான அன்னைக்கு அடி எறங்குற மாதிரி இருக்குன்ன.”

அவள் வாளித் தண்ணீரைப் பார்த்தாள். “ஆமா, சொன்னேன்” என்றாள். பிறகு சேலையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்து, வாளியில் காலை நனைத்து, சொன்னபடி நின்றாள்.

ஐந்து விரல்கள், குதிகால், இரண்டையும் சேர்க்கும் மெல்லிய ஒரு வளைவு. பாடப்புத்தகத்தில் போடலாம், அப்படிப்பட்ட பாதம். எனக்குக் குழப்பம்தான். ஆனாலும் தொடக்க நிலையாக இருக்கலாம். மாலையில் கடைக்குப் போய் அவளுக்கு எம்.சி.ஆர். செருப்பு வாங்கிவந்தேன், அடிப்பகுதி பஞ்சு மாதிரி இருப்பது. போட்டுப் பார்த்தாள். வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அளவு சரியாத்தான் இருக்கு” என்றாள்.

ஜூன் 21, வெள்ளி

கட்டுரை தளத்தில் ஏறிவிட்டது. ‘அடி இறங்குது’ என்று தேடினால் முதலில் அதுதான் வரும்படி பர்வீன் செய்துகொடுத்தார்.

ஜூன் 23, ஞாயிறு

வத்தலக்குண்டில் பூரணத்தின் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. “பஸ்ல அம்புட்டு நேரம் உக்கார முடியாது, நீங்க மட்டும் போய்ட்டு வாங்க” என்றாள். போனேன். தங்கை கோபித்துக்கொண்டாள். “அக்கா எங்க வீட்டுக்கு வந்து மூணு வருஷமாச்சு மாமா. என்ன தப்பு செஞ்சோம்?” அவளைச் சமாதானப்படுத்த இரண்டாவது பந்தியிலும் போய் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்து அதைச் சொன்னதும் பூரணத்துக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் உதட்டைக் கடித்து நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். கொல்லைக் கொடியில் கிழித்த பழைய வேட்டித் துண்டுகள் ஆறேழு காய்ந்தன. எதற்கு என்று கேட்க நினைத்தேன். வீட்டு விஷயம், அவளுக்குத் தெரியும்.

ஜூலை 1, திங்கள்

பதினான்கு பேர் அந்தக் கட்டுரையைத் திறந்திருக்கிறார்கள். சராசரியாக நான்கு நொடி இருந்துவிட்டுப் போய்விட்டார்கள். நான்கு நொடியில் தலைப்பைக்கூட வாசிக்க முடியாது.

என் நடை கடினமோ? முதல் பத்தியை மாற்றி எழுதினேன். எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். பாதத்தின் படம் ஒன்று போட்டோம்.

ஜூலை 8, திங்கள்

பத்தொன்பது பேர். மூன்று நொடி. படம் போட்டதும் இன்னும் சீக்கிரமாக ஓடுகிறார்கள்.

ஜூலை 11, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

எனக்கு அடுத்த மேசையில் லூர்துமேரி சிஸ்டர். முப்பத்திரண்டு வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். தளத்தின் தொலைபேசிக்குப் பதில் சொல்வது அவர் வேலை. பதினொன்றரைக்குத் தேநீர் வந்தது. டம்ளரை வைக்க இடம் தேடியவர் என் அட்டைகளைப் பார்த்தார்.

“என்ன சார் இது, கால் படம்?”

“தட்டைப் பாதம், சிஸ்டர். அடி இறங்குதல்.”

முதலில் சத்தமாகச் சிரித்துவிட்டார். அறையின் அந்த மூலையிலிருந்த பர்வீன் திரும்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் சிஸ்டரின் சிரிப்பு நின்றது.

“யாரு சார் இதக் காலுன்னு சொன்னது?”

“அடி என்றால் பாதம்தானே?”

“சாமிக்குத்தான் சார் அது பாதம். பொம்பளைக்கு இல்ல.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்காக முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

“கர்ப்பப்பை சார். பிள்ள பெத்த ஒடம்பு, வயசானா உள்ள பிடிமானம் தளர்ந்து கீழ எறங்கும். சில பேருக்கு வெளியவே வந்துரும். அதத்தான் அடி எறங்குது, அடி தள்ளுதும்பாங்க. புருசங்கிட்ட சொல்ல மாட்டாங்க. டாக்டர்கிட்டயும் வயித்து வலின்னுதான் ஆரம்பிப்பாங்க. நான் எத்தன பேரப் பாத்திருக்கேன். யாருகிட்டயும் சொல்ல முடியாமத்தான் போன்கிட்ட சொல்லிருக்காங்க, பாவம். அவங்களப் போயி செருப்ப மாத்தச் சொல்லிருக்கோம் நாம.”

‘நாம’ என்று சொன்னது அவருடைய பெருந்தன்மை.

‘கருப்பை இறக்கம்’ என்று நம் தளத்தில் நல்ல கட்டுரை ஒன்று இருக்கிறது. நான் திருத்தியது. மூன்று மாதத்தில் அந்தச் சொல்லைத் தேடியவர்கள் இருவர்.

தட்டைப் பாதத்தை அந்தத் தேடலிலிருந்து எடுக்கச் சொன்னேன். ‘புரியாதவை’ பெட்டியிலிருந்த அட்டையையும், அதன் ஓரத்தில் நான் எழுதியிருந்ததையும் ஒருமுறை வாசித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் அந்தச் செருப்பு இருந்தது. அதைத் தாண்டி உள்ளே வர வேண்டியிருந்தது.

ஜூலை 12, வெள்ளி

கேட்கவில்லை.

ஜூலை 13, சனி

ரேஷன் கடை. பருப்பு வரவில்லை. கேட்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

வெளியாட்கள் யாரும் வரவில்லை. மழையும் இல்லை. நாள் முழுவதும் இருவரும் வீட்டில்தான் இருந்தோம். கேட்காததற்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

இந்த நாட்குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டினேன். எல்லாவற்றையும் நானே தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறேன். தண்ணீர் கேன், ஸ்டூல், பஸ், வேட்டித் துண்டுகள், பாதியில் நின்ற சிரிப்பு. நாலாயிரம் முகம் தெரியாதவர்களின் சொற்களை வண்ணம் பிரித்து அடுக்கினவன், எதிரில் நின்று ஒருத்தி சொன்னதைக் கால் வலி என்று எழுதினேன்.

ஜூலை 16, செவ்வாய்

கட்டுரையைப் புதிதாக எழுதினேன். சிஸ்டர் சொல்லச் சொல்ல எழுதியதில் பாதிதான் என்னுடையது. உடற்பயிற்சி, உள்ளே வைக்கும் வளையம், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை, எல்லாவற்றுக்கும் வழி உண்டு, பயப்பட வேண்டியதில்லை. தலைப்பு: ‘அடி இறங்குகிறதா?’

மாலையில் அறக்கட்டளைத் தலைவர் டாக்டர் அறவாழிக்குத் தொலைபேசி செய்தேன். தோல் மருத்துவர், நல்ல மனிதர், ஆனால் அவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம்.

“தலைப்புலயா? நாலாவது விதிய எழுதுனதே நீங்கதான?”

“ஆமாங்க டாக்டர். தப்பா எழுதிட்டேன்.”

“சந்தைக்கடைச் சொல்லுங்க அது. நூத்துக்கு எத்தன பேரு இப்புடித் தேடுறாங்க?”

“ஒண்ணரைப் பேரு.”

“பெறகென்ன, கொஞ்சந்தான?”

அந்த ஒன்றரையில் ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டியதும் இல்லை. “யோசிச்சுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டார்.

ஜூலை 18, வியாழன்

எப்படிக் கேட்பது என்பதற்கு ஏழு வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். ஏழும் தேர்வுத்தாள் கேள்வி மாதிரி இருந்தன. கிழித்துப் போட்டேன்.

கடைசியில் கட்டுரையின் அச்சுத்தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். “இத ஒரு வாட்டி வாசிச்சுச் சொல்றியா? பாஷை சரியா இருக்கான்னு பாக்கணும்.”

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடி மாட்டினாள். தலைப்பை வாசித்ததும் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வாசித்தாள். இரண்டே பக்கம். நான் கீரைத் தட்டை என் பக்கம் இழுத்து ஆய ஆரம்பித்தேன். தண்டெல்லாம் கீரையோடு விழுந்தது.

“பென்சில் இருக்கா?” என்றாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

“‘அசௌகரியம்’னு போட்டுருக்கீங்க. அசௌகரியமெல்லாம் இல்ல. ‘எடஞ்சலா இருக்கும்’னு போடுங்க. என்னமோ முட்டையைக் காலிடுக்குல வச்சுக்கிட்டு உக்காந்தாப்புல இருக்கும்.” எழுதினாள். “பெறகு, இருமுனா, சிரிச்சா, தும்முனா ஒண்ணுக்குச் சொட்டிரும். அத எழுதல நீங்க. அதுக்குப் பயந்துதான் ஒரு எடத்துக்குப் போக முடியாது. அதான் முக்கியம்.”

“எழுதிர்றேன்” என்றேன். கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். “எத்தன நாளா?”

“நாலு வருசம் இருக்கும்.”

“சொல்லிருக்கலாம்ல, பூரணம்.”

“சொன்னேன்ல. செருப்பு வாங்கிக் குடுத்தீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னாள். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்து, நான் போட்ட தண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

“தண்டத் தின்னா வயிறு வலிக்கும்” என்றாள். “விடுங்க. தெரிஞ்சா செஞ்சீங்க?”

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காலை பத்து மணிக்கு, பூரணம் திருத்தியபடியே, அவள் சொன்ன வரிகளையும் சேர்த்து, கட்டுரையைத் தளத்தில் ஏற்றச் சொன்னேன். தலைப்பிலும் அந்தச் சொல்லையே போடச் சொன்னேன்.

“டாக்டர் ஓகே சொல்லிட்டாரா சார்?” என்றார் பர்வீன்.

“யோசிச்சிக்கிட்டிருக்காரு. அவரு யோசிக்கட்டும், நீங்க போடுங்க.”

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பிறகு பயம் வந்தது. நான்காவது விதியையும் எடுத்துவிட்டேன். நடுவில் ஓர் எண் விடுபட்டு, மூன்றுக்கு அடுத்து ஐந்து வருகிறது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

ஜூலை 22, திங்கள்

அரசு மருத்துவமனை, பெண்கள் பிரிவு. சிஸ்டரும் கூட வந்தார். ஆட்டோவில் பூரணம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடமும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள், நான்தான் இன்று பார்த்தேன்.

பரிசோதனை முடிந்து என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா இளவயது. “ஏம்மா, இத்தன வருசம் சும்மா இருந்தீங்க? வீட்டுல சொல்லலயா?” என்றார்.

நான் கையிலிருந்த சீட்டை மடித்தேன்.

“எனக்குத்தான் சரியாச் சொல்லத் தெரியல டாக்டர்” என்றாள் பூரணம். என் பக்கம் திரும்பவில்லை.

இப்போதைக்கு வளையம் வைத்துப் பார்ப்போம், அறுவை சிகிச்சை தேவையா என்று பிறகு முடிவு செய்யலாம் என்றார்கள். வெளியே பெஞ்சில் காத்திருந்த ஓர் அம்மாள் போனில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். எந்தத் தளம் என்று பார்க்கத் துடித்தேன். பார்க்கவில்லை.

ஜூலை 29, திங்கள்

டாக்டர் அறவாழி தொலைபேசியில் வந்தார். எழுந்து நின்றுகொண்டுதான் பேசினேன். “அந்தத் தலைப்ப என் தங்கச்சி வாட்ஸ்அப்ல அனுப்பிச்சிருக்கு. ‘நல்லா எழுதிருக்காங்க அண்ணே’ன்னு. இருக்கட்டும் சார்” என்றார். என்னை அவர் சார் என்றது இதுவே முதல் முறை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நூற்று ஏழு பேர். ஐந்து நிமிடம் பத்து நொடி. கூட்டல் தவறோ என்று மூன்று முறை பார்த்தேன். சிஸ்டர் சொல்கிறார், அந்தக் கட்டுரையின் கீழே எண் போட்டதிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் பெண்கள் பேச்சை வயிற்று வலியில் ஆரம்பிப்பதில்லையாம்.

பூரணம் பக்கத்துத் தெரு மாரியம்மன் கோவிலுக்கு நடந்தே போய்க் கூழ் வாங்கிவந்தாள். எம்.சி.ஆர். செருப்பைத்தான் போட்டுக்கொண்டு போனாள். “நடக்க நல்லாத்தான் இருக்கு, வீணாக்க வேணாம்” என்றாள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை மாலை, ஊதா அட்டைகளை வீட்டுக்கு எடுத்து வந்து பூரணத்திடம் வாசித்துக் காட்டுகிறேன். அவள் சாம்பார் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொள்வாள். தெரியாவிட்டால் தெரியாது என்பாள். அந்த நேர்மை எனக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

இன்று ஒன்றைப் பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. “இது அவசரம் பூரணம். ‘கைப்பிள்ளைக்கு உரம் விழுந்துருச்சு’. எட்டுப் பேரு தேடிருக்காங்க. விவசாயக் குடும்பமா இருக்கும். புள்ள யூரியாவ முழுங்கிருச்சோ, இல்ல மூட்டைதான் மேல விழுந்துருச்சோ? நஞ்சு முதலுதவியில சேத்துரலாமா?”

அவள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

“உரம் விழுறதுன்னா புள்ளயத் தூக்கையில கழுத்தோ தோளோ பிசகிக்கிறது. ஓயாம அழுகும். நம்ம மகளுக்கே மூணு வாட்டி விழுந்துச்சு. நீங்க அந்த ரூம்ல பேப்பர் திருத்திக்கிட்டிருந்தீங்க. யூரியா மூட்டையாம்ல, யூரியா மூட்டை!”

சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது, வெங்காயத் தோல் மடியிலிருந்து சிதறியது. உதட்டைக் கடிக்கவில்லை. சுவரைத் தேடவில்லை. எழுந்து போகவும் இல்லை.

அட்டையின் ஓரத்தில் பொருளை எழுதிக்கொண்டேன். அடுத்த அட்டையை உடனே எடுக்கவில்லை. அவள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.